லிண்டாவின் அப்பா

“டீச்சர், உங்களுக்கு அப்பாவே இல்லன்னு சொல்லச் சொல்லல்ல. அந்த அப்பா இல்லன்னு சொன்னா மதி.”

திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில், கண்ணாடி தடுத்த சின்ன அறையில் என்னை உட்காரவைத்து இதைச் சொன்னவன் சுரேஷ். எங்கள் மேனேஜர். சாலைக்கடை என்னும் பஜார்ப் பக்கம் தமிழ் வியாபாரக் குடும்பத்துப் பையன். மலையாளத்தில் படித்து வளர்ந்தவன் என்பதால் அவன் பேசும் தமிழ் பாதி வாக்கியத்தில் மலையாளத்துக்குள் இறங்கிவிடும். ‘மதி’ என்றால் போதும்.

மேசைமேல் பழம்பொரி இருந்தது, நேந்திரம்பழத்தில் போட்ட பஜ்ஜி. எண்ணெய் கசிந்த காகிதத்தோடு அதை என் பக்கம் நகர்த்தினான். “முதல்ல இதைக் கழிங்க டீச்சர்.” சாப்பிடுங்கள் என்கிறான்.

செத்துப்போன என் அப்பாவை இல்லாமல் ஆக்கச் சொல்லிவிட்டுத் தின்னவும் தருகிறான்.

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சூடாகும். அன்று ஹெட்போன் அழுத்திய தடத்தில் இரண்டு காதும் எரிந்தன. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் எரிகிறது.

கடலில் கொட்டிய தேயிலை

எங்கள் பள்ளிக்கூடத்தின் தமிழ்ப் பிரிவைப் பூட்டியதை இந்தத் தொடரில் சென்ற வாரம் எழுதியிருந்தேன். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், நடத்தக் கட்டுப்படியாகாது என்றார்கள். கிழக்கேகோட்டை ஓட்டல்களில் வேலை செய்ய நெல்லைப் பக்கமிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், கட்டட வேலைக்காரர்களின் பிள்ளைகள். அவர்களைக் கொண்டுபோய் மலையாள வகுப்பில் பின்பெஞ்சில் உட்காரவைத்தார்கள். டெம்பரரி டீச்சரான என்னை எங்கேயும் உட்காரவைக்கவில்லை.

ஒரு விஷயம் அப்போது எழுத விட்டுப்போயிற்று. அந்த வகுப்பில் அமெரிக்க சரித்திரம் மூன்றே பக்கம். பிரிட்டன் வரி போட்டது, குடியேறியவர்கள் கப்பலில் ஏறித் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள், போர் வந்தது, விடுதலை வந்தது. முப்பிடாதி என்று டீக்கடைக்காரர் மகள் ஒருத்தி எழுந்து நின்றாள்.

“அம்புட்டுத் தேயிலையும் வீணாப் போச்சே டீச்சர். வரியக் கெட்டிட்டுக் குடிச்சிருக்கலாம்லா?”

வகுப்பு சிரித்தது. வரி எவ்வளவு என்பதல்ல சண்டை, எங்களைக் கேட்காமல் எங்களுக்கு எப்படி வரி போடலாம் என்பதுதான் சண்டை என்று விளக்க எனக்கு அந்தப் பீரியட் முழுக்கத் தேவைப்பட்டது. மறுநாள் வந்து கேட்டாள்.

“நம்ம கிளாஸப் பூட்டப் போறாங்களாமே, அது யாரக் கேட்டு டீச்சர்?”

புத்தகத்தை மூடினேன். அமெரிக்க சரித்திரத்தை அதைவிட நன்றாகப் புரிந்துகொண்ட மாணவி எனக்கு அதுவரை கிடைத்ததில்லை.

ஒஹையோவில் பனி

வேலையில்லாமல் வீட்டிலிருந்தபோது ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கம்ப்யூட்டர் வழியாகப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்கள் தேவை. சரித்திரமும் உண்டு. எம்.ஏ. சான்றிதழைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு போனேன்.

அங்கே சாயங்காலம் என்றால் இங்கே விடியற்காலை. பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முக்கில் கம்பெனி வேன் வந்து நிற்கும். முந்தின நாள் உடைத்த தேங்காய்களின் தண்ணீர் புளித்துப்போய் வாடை அடிக்கும். நானும் மேரியும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறுவோம்.

மேரி கணக்கு சொல்லிக்கொடுக்க வந்தவள். பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து எம்.எஸ்ஸி. வரைக்கும் படித்த பெண். கணவன் விட்டுவிட்டுப் போய்விட்டான், இரண்டு பிள்ளைகள். வேன் கிளம்பினதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள்.

சேர்ந்த அன்றே சுரேஷ் எனக்குப் பேர் வைத்தான். “பகவதின்னு சொன்னா அவங்க நாக்குல வராது டீச்சர். நீங்க லிண்டா. ஒஹையோவுல இருக்கீங்க.”

மேரிக்கு அந்தச் சிரமம் இல்லை. மேரி மேரியாகவே இருந்துவிட்டாள்.

எந்த நாட்டிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லக்கூடாது. சொந்தக் கதை பேசக்கூடாது. பாடம் தொடங்குமுன் ஒஹையோவில் அன்றைக்கு வெயிலா மழையா என்று கம்ப்யூட்டரில் பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும். கழுத்து வியர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டே, “இங்கே இன்றைக்கு முழுக்கப் பனி கொட்டுகிறது” என்று ஆங்கிலத்தில் பேசியிருக்கிறேன்.

இதை எப்படிப் பொறுத்துக்கொண்டீர்கள் என்று கேட்பீர்கள். பாடம் இருந்தது. மூன்று பக்கத்தில் நடத்திய சரித்திரத்துக்கு அங்கே ஒரு வருஷம் கொடுத்திருந்தார்கள், தலையணை பருமனில் புத்தகம். மத்தியானம் வீட்டுக்கு வந்து உலையை வைத்துவிட்டு அதைத்தான் படிப்பேன். சோறு குழைந்த நாட்கள் உண்டு.

ஏன் எழுந்து போகவில்லை?

கெய்லா என்ற பெண் பதினோராம் வகுப்பு. தெற்கு மாநிலம் ஒன்றில் சின்ன ஊர். கறுப்பினக் குடும்பம். அப்பா கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. குரல் மட்டும். நான் எழுதுவது அவள் திரையில் தெரியும், அவள் எழுதுவது என் திரையில். பின்னால் எப்போதும் ஒரு டி.வி. ஓடிக்கொண்டிருக்கும்.

அன்றைக்குப் பாடம், அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு நடந்தது. அடிமைகள் விடுதலையானார்கள். சில இடங்களில் அவர்களுக்கு நிலம் பிரித்துக் கொடுத்தார்கள். கொடுத்த வேகத்திலேயே பிடுங்கிப் பழைய எஜமானர்களிடம் ஒப்படைத்தார்கள். பிறகு அதே மனிதர்கள் அதே மண்ணில், அதே எஜமானனுக்கு வாரத்துக்கு உழுதார்கள். விளைந்ததில் பெரும்பங்கு அவனுக்கு. மிஞ்சியது, விதைக்கும் ஏருக்கும் அவனிடம் பட்ட கடனுக்கு.

கெய்லா கேட்டாள். “விடுதலை ஆயிட்டாங்க இல்லையா, மிஸ் லிண்டா? பிறகு ஏன் அங்கேயே கிடந்தாங்க? ஏன் எழுந்து போகலை?”

கம்பெனி தந்த கையேட்டில் இதற்கு விடை உண்டு. கல்வியின்மை, போக்குவரத்து வசதியின்மை, இன்னும் என்னவோ. வாசித்தேன்.

“இதெல்லாம் புத்தகத்துல இருக்கு. நானா இருந்தா போயிருப்பேன்,” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “எங்க ஆளுங்க சோம்பேறிங்க, அதான் போகலைன்னு கிளாஸ்ல ஒருத்தன் சொன்னான். சரிதானோ என்னவோ.”

காது சூடாயிற்று. எங்கோ கடல்தாண்டி ஒரு வகுப்பில் எவனோ ஒரு பயல் சொன்னதற்கு எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று அப்போது யோசிக்கவில்லை.

“எங்க அப்பாவும் போகலை,” என்றேன்.

களம்

என் அப்பா பெயர் தாணுமாலயன். சுசீந்திரத்துக்குக் கிழக்கே, ஊரில் ‘பெரிய வீடு’ என்று சொல்லப்பட்ட குடும்பத்தின் வயலைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, உழுதவர்.

அறுப்பு முடிந்து, சூடடித்து, களத்தில் நெல்லைக் குவித்தால் பெரிய வீட்டுக் காரியஸ்தர் குடையோடு வந்து நிற்பார். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார். மரக்கால் மரக்காலாக அளந்து பெரிய வீட்டுப் பங்கு வண்டியில் ஏறும். விதைநெல் தந்த வகையில் இன்னும் கொஞ்சம் ஏறும். உரம் தந்த வகையில் இன்னும் கொஞ்சம். எங்களுக்கு மிஞ்சுவது களத்து மூலையில் ஒரு சின்னக் கும்பல்.

ஒரு வருஷம், வண்டி போன பிறகு, மண்ணோடு சிதறிக் கிடந்த நெல்லை அம்மா விளக்குமாற்றால் கூட்டிச் சேர்த்தாள். குடையை மறந்து வைத்துவிட்டுப் போன காரியஸ்தர் திரும்பி வந்தார். பார்த்தார். “அதும் பெரிய வீட்டு நெல்லுதானட்டீ” என்று சொல்லிச் செருப்புக்காலால் அந்தக் கும்பலைக் கலைத்துவிட்டார். “கோழி கொத்தட்டும்.”

வைக்கோல் சுணை கழுத்தில் அரிக்க நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா விளக்குமாற்றைக் கீழே போடவில்லை. அப்பா இடுப்பில் கட்டிய துண்டை அவிழ்க்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் கால் கழுவும்போது கேட்டேன். “நாம ஏன்பா இங்கயே கெடக்கோம்? வேற எங்கயாம் போயிரலாம்லா?”

“எங்க போவ? போற எடத்துலயும் வயலு வேற எவனுக்கோதான இருக்கும்.”

பிறகு கேரளத்தில் பாட்டக்காரர்களுக்கு உழுத நிலம் சொந்தமாயிற்று. நான் வாழ்க்கைப்பட்டு வந்த திருவனந்தபுரத்தில் அப்படிப் பட்டா கிடைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அப்பாவின் வயல் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருந்தது. அவருக்கு ஒரு சென்ட் கிடைக்கவில்லை. பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தொலைவு. கோபப்படாமல் இதை என்னால் இன்றும் யாருக்கும் சொல்ல முடிவதில்லை.

இத்தனையும் கெய்லாவுக்குச் சொன்னேன். “ஒஹையோவுலயா?” என்று கேட்டாள். “இல்லை, இந்தியாவில். நான் பிறந்த ஊரில்,” என்றேன். அவள் பின்னால் ஓடிய டி.வி. நின்றுவிட்டது. எழுந்துபோய் அணைத்திருக்கிறாள்.

“அந்த நெல்லைக் கடைசியில கோழிதான் தின்னுச்சா?”

“கோழிதான்.”

“அந்தக் குடைக்காரனை எனக்கு அடிக்கணும்போல இருக்கு.”

அப்புறம் அவளாகவே சொன்னாள். “போறதுக்கு இடமில்லாமத்தான் போகலை. இல்லையா?”

பூஜ்யம்

அவள் பள்ளியில் சரித்திர ஆசிரியை ஒரு கட்டுரை கேட்டிருந்தார். அடுத்தவர் நிலத்தில் உழுது பிழைத்த யாரைப் பற்றியாவது, தெரிந்தவர் வாயால் கேட்டு எழுத வேண்டும். கெய்லா என் அப்பாவை எழுதிவிட்டாள். காரியஸ்தரின் குடை, அம்மாவின் விளக்குமாறு, எல்லாவற்றையும். எனக்கு வாசித்துக் காட்டியபோது இரண்டு எழுத்துப்பிழையைத் தவிர நான் திருத்த ஒன்றுமில்லை.

ஆசிரியை பூஜ்யம் போட்டார்.

காரணம் இதுதான். எங்கள் கம்பெனிக்கு வேலை தந்த அமெரிக்க ஏஜென்சி, எங்களையெல்லாம் அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்று பள்ளிக்கூடங்களிடம் சொல்லிவைத்திருந்தது. ஆசிரியை அவர்களைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். லிண்டா ஒஹையோக்காரி, அவளுக்கு இந்தியாவில் அப்பன் எப்படி இருக்க முடியும் என்று சொல்லிவிட்டார்கள். ஆக, கெய்லா இட்டுக்கட்டி எழுதியிருக்கிறாள். பொய்ச் சாட்சியம். பெற்றோருக்கு ஓலை போயிற்று.

“நான் பொய் சொல்றேன்னு எங்க அப்பாவும் நம்பிட்டார்,” என்றாள் கெய்லா, அடுத்த வகுப்பில். அன்றைக்குப் பாடம் வேண்டாம் என்றாள்.

அந்த ஆசிரியை ஏஜென்சியை விடவில்லை. லிண்டாவோடு நான் நேரில் பேச வேண்டும் என்று நின்றார். அதனால்தான் கண்ணாடி அறை, பழம்பொரி எல்லாம்.

“அப்போ அந்தப் பொண்ணு பொய் சொன்னான்னு ஆயிருமே,” என்றேன் சுரேஷிடம்.

“அது அவ காரியம். ஒரு பேப்பர்தானே டீச்சர். நாம இங்க இத்தனை பேரு இந்த ஏஜென்சிய வச்சுத்தான் ஜீவிக்கறோம்.”

“உங்க அப்பா என்ன செய்யறார் சுரேஷ்?”

“கடை. எதுக்கு?”

“அப்படி ஒரு ஆளே கெடையாது, சுரேஷ் சும்மா உண்டாக்கிச் சொன்னதுன்னு நான் சாலைக்கடையில போய் நாலு பேர்ட்ட சொல்லிட்டு வரட்டா?”

அவன் முகம் கறுத்தது. “எமோஷனல் ஆகண்டா டீச்சர். லிண்டாவோட அப்பா போஸ்ட்மேன். வயல் கதை, பாடம் மனசிலாகறதுக்கு நீங்க உண்டாக்கின ஒரு உதாரணம். அதை அந்தக் குட்டி நிஜம்னு நினைச்சிட்டா. இவ்வளவு பறஞ்சா மதி. உங்களுக்கும் ஜோலி இருக்கும், எல்லாருக்கும் ஜோலி இருக்கும்.”

“சரி, கூப்பிடு,” என்றேன். நான் சம்மதித்துவிட்டதாக அவன் நினைத்துக்கொண்டான்.

தாணுமாலயன்

பக்கத்தில் நாற்காலி போட்டு, இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுரேஷ் உட்கார்ந்தான். அந்தப் பக்கம் ஆசிரியை, கெய்லா, கெய்லாவின் அப்பா. அவரையும் பள்ளிக்கு வரவழைத்திருந்தார்கள்.

ஆசிரியையின் குரல் வயதான குரல். மரியாதையாகத்தான் பேசினார். “மிஸ் லிண்டா, இந்தக் கட்டுரையில் இருப்பது நீங்கள் சொன்னதா?”

“நான் சொன்னது. ஒரு வரிகூட அவள் சேர்க்கவில்லை. என் பெயர் லிண்டா இல்லை. பகவதி. ஒஹையோவை நான் பார்த்ததுகூட இல்லை. இந்தியாவில், திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து பேசுகிறேன். தாணுமாலயன் என் அப்பா. உழுத நிலத்தில் ஒரு பிடி மண் சொந்தமில்லாமல் செத்தார். கெய்லா பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது நாங்கள்.”

சுரேஷ் என் கையைத் தொட்டான். “டீச்சர், டீச்சர்” என்றான் மெதுவாக. நான் அவன் பக்கம் திரும்பவில்லை.

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு கெய்லாவின் அப்பா என்று நினைக்கிறேன், கனத்த குரல். “நீ சொன்னே. நான்தான் கேட்கலை,” என்றார், மகளிடம்.

ஆசிரியை, “மார்க்கைத் திருத்திவிடுகிறேன்,” என்றார். “உங்களுக்கு இதனால் தொந்தரவு வருமா?”

“தொந்தரவு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.”

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

கெய்லா வந்தாள். “அப்போ பனி?”

“இங்கே பனியே கிடையாது கெய்லா.”

“தினமும் பனின்னு சொன்னீங்க.” அவளுக்கும் கோபம்தான். அதில் நியாயம் இருந்தது. பிறகு, “உங்க பேரை இன்னொரு தடவை சொல்லுங்க,” என்றாள். சொன்னேன். அவள் நாக்கில் அது வராது என்று சுரேஷ் சொன்னது உண்மையில்லை. இரண்டாவது தடவையிலேயே வந்தது.

அதற்குள் சுரேஷ் இணைப்பைத் துண்டித்துவிட்டான்.

“கழிஞ்சு,” என்றான். முடிந்தது. அவன் கத்தவில்லை. கழுத்து அட்டையைக் கழற்றித் தரச் சொன்னான். வாசல் வரை ஒரு செக்யூரிட்டி கூடவே வந்தார், நான் எதையோ திருடிக்கொண்டு போவதுபோல. வெளியே நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பஸ் வரும்வரை முன்னும் பின்னும் நடந்தேன். பயமில்லை. அந்தப் பழம்பொரியை அவன் முகத்தில் எறியாமல் வந்துவிட்டேனே என்ற ஆத்திரம்.

வீட்டில்

என் கணவர் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதுகிறவர். கெட்டவர் இல்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, “ஒரு வார்த்த சொல்லிட்டு வந்திருக்கலாமே பகவதி. செத்துப்போன மனுசன் வந்து கேக்கப் போறாரா?” என்றார்.

“உங்க அப்பாவ இல்லன்னு சொல்லச் சொன்னா நீங்க சொல்லுவியளா?”

அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். அப்புறம் பல நாள் எங்களுக்குள் மோர் வேணுமா, போதும், அவ்வளவுதான் பேச்சு. சுரேஷின் மேல் வந்த கோபத்தைவிட அந்தக் கோபம் ஆற அதிக நாள் பிடித்தது.

லிண்டாவின் நாற்காலி

ஏஜென்சி கம்பெனியை விட்டுவிடும், என்னால் அத்தனை பேர் வேலையும் போகும் என்று சுரேஷ் சொன்னானே, அதுதான் எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஒரு டீச்சர் மனநிலை சரியில்லாமல் உளறிவிட்டாள் என்று எழுதிக்கொடுத்துச் சமாளித்துவிட்டார்கள். அந்த ஒரு பள்ளிக்கூடத்தை மட்டும் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. அவர்களுக்குப் புதிதாக ஒரு லிண்டாவைக் கொடுத்தார்கள். இந்தத் தடவை சரியான ஒஹையோ லிண்டா என்று சத்தியம் செய்து.

இதை எனக்குச் சொன்னவள் மேரி. மத்தியானம் போன் செய்தாள். குரலே சரியில்லை.

“எனக்குத்தான் டீச்சர் உங்க சீட்டு. சரித்திரமும் சேத்துப் பாத்துக்கச் சொல்லிட்டாங்க. நான் இப்ப லிண்டா.”

“கெய்லா வந்தாளா?”

“வந்தா. பாடம் ஒண்ணும் கேக்கல. உன் அப்பா பேரு என்னன்னு கேட்டா.”

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“சுரேஷ் சார் பின்னால நின்னாரு டீச்சர். ராபர்ட்னு ஏதோ ஒரு பேரச் சொன்னேன். என்ன வேல பாக்காருன்னு கேட்டா. போஸ்ட்மேன்னு சொன்னேன். அவ லைன வச்சிட்டா. திரும்ப வரவே இல்ல.”

அழுதாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எனக்குச் சோறு போடக் கணவர் இருந்தார். வேலையை எறிந்துவிட்டு வர முடிந்தது. அவளால் முடியாது. சுரேஷுக்கு அது தெரியும். தெரிந்துதான் அத்தனை பேர் இருக்க அவளைத் தேர்ந்தெடுத்தான்.

“அழாத மேரி. நீ போய் வேலையப் பாரு,” என்றேன். வேறு என்ன சொல்ல?

“ஞாயித்துக்கெழம பொன்முடிக்குப் போனேன் டீச்சர், அப்பாவப் பாக்க. ஒரு நாளுக்கு இருக்கிறதே ரெண்டு பஸ்தான். கொழுந்துக் கூடைய எறக்கிப் போட்டுட்டு ஸ்டாப்புலயே வந்து நிக்காரு.” மூக்கை உறிஞ்சினாள். “லைன்ல ஒரு வீடு விடாம என்னக் கூட்டிட்டுப் போறாரு. எம் மவ அமெரிக்காக்காரப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கா, அவங்களுக்கெல்லாம் என் பேரு தெரியும்னு சொல்லிட்டு நடக்காரு.”